புதிய பொருளில் இறங்குமுன் தொழிற்சாலையின் சிக்கலை அளப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரின் சிறு, நடுத்தரப் பின்னலாடை நிறுவனங்களில் புதிய துணி, புதிய பையர் (சரக்கை மொத்தமாக வாங்கும் நிறுவனம்), சொந்த பிராண்டு என்று ஏதேனும் ஒன்று பேச்சுக்கு வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் வரும் ரூபாய்க் கணக்கும் பீஸ் கணக்கும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1. சிக்கல், சிக்கல்னு சொல்றீங்க. வேலை அதிகமா இருக்கறதைத்தானே சொல்றீங்க?

இல்லை. ஒரே வெள்ளை நிற வட்டக்கழுத்து பனியனை மாதம் இரண்டு லட்சம் தைக்கும் கம்பெனியில் வேலை மிக அதிகம், சிக்கல் மிகக் குறைவு. மாதம் இருபதாயிரம் பீஸ் மட்டும் தைத்தாலும், அது பன்னிரண்டு ஸ்டைல், நான்கு வகைத் துணி, முப்பது நிறம், வெளியே பிரிண்டிங், எம்பிராய்டரி என்று பிரிந்து கிடந்தால் அங்கே வேலையைவிடச் சிக்கலே பெரிது.

ஒரு வேலை முடிவதற்கு எத்தனை வகைப் பொருள்கள் வந்து சேர வேண்டும், எத்தனை கைகள் மாற வேண்டும், எத்தனை பேர் சரி என்று சொல்ல வேண்டும், இவற்றில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பவற்றின் மொத்தத்தையே இங்கே செயல்பாட்டுச் சிக்கல் என்கிறோம்.

2. இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எந்த ஆர்டர் இழுக்கும்னு பார்த்தவுடனே தெரியும். இதை எதுக்கு அளக்கணும்?

ஆர்டர் ஷீட்டைப் பார்த்ததும் இழுபறியை மணத்திலேயே கண்டுபிடிக்கும் அனுபவம் பலருக்கு உண்மையிலேயே இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவம் தனித்தனி ஆர்டரைப் பற்றியது. சிக்கல் சேர்வதோ கொஞ்சம் கொஞ்சமாக: பையருக்காக ஒரு நிறம், பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒப்புக்கொண்ட ஒரு புது லேபிள், பழைய நட்புக்காக எடுத்த 400 பீஸ். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியான முடிவாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஷிப்மென்ட் தேதியைத் தள்ளும்போது எதைக் குற்றம் சொல்வது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முதலாளியின் தலையில் மட்டும் இருக்கும் கணிப்பை மகனோ மேனேஜரோ சரிபார்க்க முடியாது. எண்ணாக இருந்தால் எதிர்த்துக் கேட்கலாம்.

3. சரி, எதையெல்லாம் எண்ணணும்? பெரிய கன்சல்டன்ட் வைக்கற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லைங்க.

தேவையுமில்லை. முதல் அளவுகளுக்கு வேண்டியவை ஏற்கெனவே உங்கள் ஃபைல்களில் இருக்கின்றன. முதலாவது, தையல் லைன்களில் வாரத்துக்கு எத்தனை முறை ஸ்டைல் மாறியது, ஒவ்வொரு முறையும் பழைய ஸ்டைலின் கடைசி நல்ல பீஸுக்கும் புதிய ஸ்டைலின் முதல் நல்ல பீஸுக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது என்பது. மெஷினை நகர்த்தி வைத்த நேரத்தை மட்டும் எழுதினால் பாதிதான் தெரியும். ஓவர்லாக் தையல் மெஷினில் நூல் மாற்றி, ஃபிளாட்லாக் தையல் மெஷினில் துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரைச் சரிசெய்து, டெய்லர் கை பழகி, செக்கிங்கில் தேறும் வரைக்கும் அது மாற்று நேரமே. இரண்டாவது, ஓர் ஆர்டருக்கு எத்தனை சாய லாட் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயமேற்றும் துணித் தொகுதி) விழுகிறது என்பது.

மூன்றாவதாக நான் எப்போதும் கேட்பது டெலிவரி சலான்களை, அதாவது சரக்கு வெளியே போகும்போது உடன் அனுப்பும் சீட்டுகளை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி செய்வது), பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி ஆலைகளில் கூலிக்குச் செய்விக்கும் வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சலான் போட்டாக வேண்டும். ஆகவே ஓர் ஆர்டரின் பெயரில் எத்தனை சலான்கள் உள்ளன என்று எண்ணினால், அந்தச் சரக்கு எத்தனை முறை உங்கள் கண்ணைவிட்டு வெளியே போனது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆர்டரின் சலான்களை அடுக்கி மேசைமேல் வைத்துப் பாருங்கள். 300 பீஸ் ஆர்டரின் அடுக்கு சில வேளைகளில் 10,000 பீஸ் ஆர்டரின் அடுக்கைவிடத் தடிமனாக இருக்கும்.

நான்காவது, ஒப்புதல்கள்: லேப் டிப் (சாய நிற மாதிரி), ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி), ஃபிட் சாம்பிள் (பொருத்தம் பார்க்கும் மாதிரி), சைஸ் செட் (எல்லா சைஸிலும் மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) ஆகியவற்றில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை முறை திரும்பி வந்தது. ஐந்தாவது, விதிவிலக்குகள்: மறுசாயம், ஆல்டர் (குறையுள்ள பீஸைத் திருத்தித் தைப்பது), கடைசி நேரத்தில் ஆளை அனுப்பி வாங்கிய பட்டனும் ஜிப்பும். இந்த ஐந்தாவதுதான் மற்ற நான்கும் எவ்வளவு கனக்கின்றன என்பதைக் காட்டும் சாட்சி.

4. இதை ஒரு உதாரணத்தோட சொல்ல முடியுமா?

முதல் ஆர்டர் 20,000 டி-ஷர்ட், ஒரே துணி, மூன்று நிறம், பீஸுக்கு 180 கிராம். மொத்தம் 3,600 கிலோ; நிறத்துக்கு 1,200 கிலோ. 400 கிலோ சாய மெஷினில் நிறத்துக்கு மூன்றாக ஒன்பது லாட். இரண்டாவது ஆர்டர் 4,000 செட், மேலுக்கு சிங்கிள் ஜெர்சி (மெல்லிய பின்னல் துணி), கீழுக்கு ஃபிளீஸ் (உட்புறம் மெத்தென்ற தடித்த துணி), எட்டு நிறம், செட்டுக்கு 250 கிராம். மொத்தம் 1,000 கிலோதான். ஆனால் எட்டு நிறமும் இரண்டு துணியிலும் வேண்டும் என்பதால் பதினாறு லாட். லாட்டுக்குச் சராசரி 62 கிலோ சொச்சம். அதோடு ஒரே நிறம் இரண்டு துணியிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற தலைவலி தனி.

ஒரு செட்டை ஒரு பீஸாக வைத்து, ஆயிரம் பீஸுக்கு என்று கணக்கிட்டால், முதல் ஆர்டருக்கு 0.45 லாட், இரண்டாவதற்கு 4 லாட். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. எண்களை எப்போதும் ஆயிரம் பீஸுக்கு என்று மாற்றி வைத்துக்கொண்டால்தான் பெரிய ஆர்டரையும் சிறிய ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

5. அந்தச் சின்ன ஆர்டர்லதான் பீஸுக்கு மார்ஜின் ஜாஸ்தி வருதுன்னு எங்க அக்கவுண்டன்ட் சொல்றாரே?

அவர் பொதுச் செலவை எப்படிப் பிரிக்கிறார் என்று கேளுங்கள். மெர்ச்சண்டைசிங், சாம்பிளிங், தரக் கட்டுப்பாடு, வண்டி என்று மாதம் 6,00,000 ரூபாய் பொதுச் செலவு, மாத உற்பத்தி 60,000 பீஸ் என்றால், பீஸுக்கு 10 ரூபாய் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி ஏற்றுவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பணியாளர்களின் நேரத்தில் பாதி, 10,000 பீஸ் சிறு ஆர்டர்களுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிறு ஆர்டரின் பீஸ் ஒவ்வொன்றும் 30 ரூபாயைத் தின்கிறது. மீதி 50,000 பீஸுக்கு 6 ரூபாய்தான். அக்கவுண்டன்ட் காட்டும் மார்ஜினில் 20 ரூபாய் உங்கள் பெரிய ஆர்டர்கள் போட்ட மொய்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1980-களில் பேராசிரியர்கள் ராபின் கூப்பர், ராபர்ட் காப்லான் ஆகியோர் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து பரப்பிய செயல்வழிச் செலவுக் கணக்கின் சாரம் இதுவே: செலவு அளவின் வழியே மட்டும் போவதில்லை, வகைகளின் வழியேயும் போகிறது. முழு முறையைச் செய்யப் பெரிய உழைப்பு வேண்டும். நம் அளவுக்கு, 3-ஆம் கேள்வியில் சொன்ன சலான் எண்ணிக்கையையும் ஒப்புதல் எண்ணிக்கையையும் விகிதமாக வைத்துப் பொதுச் செலவைப் பிரித்தாலே போதும். பீஸ் கணக்கில் பிரிப்பதைவிட உண்மைக்கு நெருக்கமாக வரும்.

6. எல்லாத்தையும் சேர்த்து ஒரே நம்பரா கொடுக்க முடியாதா?

கொடுக்கலாம், நான் பரிந்துரைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் உற்பத்தியில் உள்ள பங்கை வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், நடைமுறையில் எத்தனை ஸ்டைல்களில் உற்பத்தி பரவியிருக்கிறது என்று ஓர் எண் கிடைக்கும். பத்து ஸ்டைலும் சமமாக ஓடினால் விடை 10. ஒன்று 91 சதவீதமும் மற்ற ஒன்பதும் ஒவ்வொரு சதவீதமுமாக ஓடினால் விடை ஏறக்குறைய 1.2.

வருமானம் எதை நம்பி நிற்கிறது என்பதற்கு இது நல்ல எண். தொழிற்சாலைத் தளத்துக்கோ இது பொய் சொல்லும். அந்த ஒன்பது ஒரு சதவீத ஸ்டைல்களுக்கும் தனித்தனியாகப் பேட்டர்ன், லேப் டிப், லைன் மாற்றம் எல்லாம் உண்டு. தளம் அவற்றை 1.2 ஆக அல்ல, முழுப் பத்தாகவே அனுபவிக்கிறது. ஆகையால் ஐந்து எண்களை ஐந்தாகவே, மாதாமாதம், ஒரே தாளில் வையுங்கள்.

7. இந்த எண்ணை வைச்சுகிட்டு புதுசா ஒண்ணைச் செய்யறதா வேண்டாமான்னு எப்படி முடிவெடுக்கறது?

புதிய முயற்சி ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு கேள்வி: இதற்கு வேண்டியவற்றில் எவ்வளவு ஏற்கெனவே நம்மிடம் ஓடுகிறது? துணி, நூல் கவுண்ட் (நூலின் பருமனைக் காட்டும் எண்), மெஷின், சாய ஆலை, பிரிண்டர், ஆக்சசரீஸ், சோதனை, சான்றிதழ், திறன் என்று வரிசையாக எழுதி, எதிரே பழையது அல்லது புதியது என்று குறியுங்கள். ஆர்கானிக் பருத்திக் குழந்தை உடைகளில் இறங்க நினைக்கும் ஒருவர் தையலைப் பார்த்தால் எல்லாம் பழையதுதான். ஆனால் ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக் ஜவுளிக்கான உலகத் தரநிலை) போன்ற சான்றிதழின்கீழ் நூலிலிருந்து பேக்கிங் வரை ஆர்கானிக் சரக்கைச் சாதாரணச் சரக்கோடு கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும். சங்கிலியில் உள்ள ஜாப் ஒர்க் ஆலைகளும் அந்தச் சான்றின் வரம்புக்குள் வர வேண்டும். சரக்கு கைமாறும்போது பெறும் பரிவர்த்தனைச் சான்றுகள் எடை கணக்கோடு பொருந்த வேண்டும். புதுமை முழுவதும் கிடங்கிலும் காகிதத்திலும் இருக்கிறது. தையல் ஹாலை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இங்கேதான் சறுக்குகிறார்.

அடுத்து, அந்தப் புதியவற்றால் ஐந்து எண்களும் எவ்வளவு ஏறும் என்று மதிப்பிட்டு, 5-ஆம் கேள்வியில் சொன்னபடி ரூபாயாக்குங்கள். அதைக் கொடுக்கப் பையர் தயாரா என்பதே உண்மையான கேள்வி. கடைசியாக, எந்தத் தேதிக்குள் எத்தனை மறு ஆர்டர் வராவிட்டால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் அன்றே எழுதிக் கையொப்பமிடுங்கள். நிறுத்தும் தேதி இல்லாத சோதனைகள்தான் தொழிற்சாலையில் நிரந்தரச் சிக்கலாகக் குடியேறுகின்றன.

8. ஃபேக்டரி ஃபுல்லா ஓடிட்டு இருக்கு. அதோடயே புது ஐட்டத்தையும் ஓட்டிப் பார்த்தா என்ன?

இதுதான் மிக அதிகமாக நடப்பதும், நல்ல யோசனைகள் பலவற்றைக் கொல்வதும். காத்திருப்பு நேரம் சுமைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் கணிதமான வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒரு மெஷின் 80 சதவீதம் நிறைந்து ஓடினால் அதன் முன் ஒரு வேலை சராசரியாகத் தன் வேலை நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. வேலைகளின் அளவும் வரும் நேரமும் தாறுமாறாக இருந்தால் இது இன்னும் கூடும் என்பதைக் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961-லேயே சூத்திரமாகத் தந்திருக்கிறார். புதிய ஐட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது: சுமையையும் கூட்டுகிறது, தாறுமாறையும் கூட்டுகிறது.

உங்கள் நிலையை அறிய எளிய வழி, உள்ளே இருக்கும் பீஸ்களை ஒரு நாள் வெளியேறும் பீஸ்களால் வகுப்பது. கட்டிங் முதல் பேக்கிங் வரை 30,000 பீஸ் கிடந்து, நாளொன்றுக்கு 2,000 பீஸ் முடிந்தால், ஒரு பீஸ் வெளியேறச் சராசரி 15 நாள். இந்த உறவையும் அதே 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தார். உற்பத்தி கூடாமல் இந்த நாள் கணக்கு மட்டும் மாதாமாதம் ஏறினால், புதியதைத் தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டும்.

9. இப்ப எல்லா பையரும் சின்னச் சின்ன ஆர்டர்தான் தர்றாங்க. வேண்டாம்னு சொன்னா பக்கத்து கம்பெனிக்குப் போயிடுவாங்களே?

வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சிறு ஆர்டரின் உண்மையான விலையைக் குறைப்பதே வழி. மணிக்கு 100 பீஸ் தைக்கும் லைனில் மாற்று நேரம் ஒன்றரை மணி என்றால், 3,000 பீஸ் ஆர்டருக்கு மொத்த நேரத்தில் 5 சதவீதம்கூட வீணாவதில்லை. 300 பீஸ் ஆர்டருக்கு மூன்றில் ஒரு பங்கு வீண். அதே மாற்று நேரம் 20 நிமிடமானால் 300 பீஸ் ஆர்டரில் வீணாவது 10 சதவீதம்தான்.

இது கனவல்ல. 1969-ல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ முதலில் ஒன்றரை மணியாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்துக் காட்டினார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியவற்றை நின்றபின் செய்யாதே என்பதே அவருடைய முறையின் வேர். நம் ஹாலில் அதற்குப் பொருள், அடுத்த ஸ்டைலின் நூலும் ஃபோல்டரும் கைடும் முதல் நாளே ட்ரேயில் தயாராக இருப்பதும், கடினமான ஆபரேஷனை ஒரு டெய்லர் முன்கூட்டியே தனி மெஷினில் பழகியிருப்பதுமே. சிறு ஆர்டர்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு மெஷின்களைப் பிரித்துத் தனி லைனாக வைப்பதும் நல்லதே. ஆனால் அந்த லைனுக்குப் பல வேலை தெரிந்த டெய்லர்கள் வேண்டும், அவர்களுக்குப் பீஸ் ரேட் கட்டாது, ஷிஃப்ட் சம்பளமே கட்டும்.

10. அப்படின்னா எல்லா வகையையும் வெட்டிக் குறைச்சுட்டா நல்லதா?

வெட்டுவதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதல்ல. லெகோ நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003, 2004-இல் பெரும் நட்டத்தில் வீழ்ந்தபோது அங்கே பொம்மைத் துண்டுகளின் வகை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு செட்டுக்கும் புதிய துண்டு கேட்க, ஒவ்வொரு துண்டுக்கும் விலையுயர்ந்த அச்சு வேண்டியிருந்தது. ஜார்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமையேற்ற பிறகு அதை ஏறக்குறைய 7,000-ஆகக் குறைத்தார்கள். ஆனால் புதிய செட்டுகள் வெளிவருவது நிற்கவில்லை. இருக்கும் துண்டுகளைக் கொண்டே புதியதைச் செய் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லப்பட்டது.

வாடிக்கையாளர் கண்ணில் படும் வகை வேறு, தொழிற்சாலைக்குள் இருக்கும் வகை வேறு. முன்னதற்குப் பணம் கிடைக்கிறது. பதினோரு விதக் கழுத்து ரிப்பும் (கழுத்தில் வைத்துத் தைக்கும் இழுபடும் பட்டைத் துணி) ஒன்பது விதப் பாலிபேக்கும் வைத்திருப்பதற்கு யாரும் பணம் தருவதில்லை; வெட்ட வேண்டியது அங்கே.

11. சிக்கலைக் குறைக்கறதே ஒரு புதுமையா ஆக முடியுமா?

முடியும். இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன் 1970-களிலேயே ஸ்வெட்டர்களைச் சாயமில்லாமல் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்தபின் ஆடையாகவே சாயமேற்றியது. நிறம் என்ற பிரிவினையைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளியதால் அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாம் ஒரே சரக்காக ஓடின.

இதைக் கேட்டதும் கார்மென்ட் டையிங்கில் குதிக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. பருத்தி ஆடைக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டர் தையல் நூலில் ஏறாது. சட்டை நீலமாகி, தையல் கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஆகவே பருத்தி நூல் வேண்டும். ரிப்பும் உடல் துணியும் ஒரே நூல் லாட்டாக இருந்தால் நல்லது. சாயத்தில் சுருங்குவதற்கு இடம் விட்டுப் பேட்டர்ன் போட வேண்டும். லேபிளும் பட்டனும் அந்தக் குளியலைத் தாங்க வேண்டும் அல்லது பிறகு தைக்க வேண்டும். சிக்கல் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடத்தில் அது மலிவா என்பதை 7-ஆம் கேள்வியின் பட்டியலைக் கொண்டே பார்க்க வேண்டும். என் கருத்தில், நிறங்கள் அதிகமாகவும் மறு ஆர்டர்கள் அடிக்கடியும் வரும் அடிப்படை ஸ்டைல்களுக்கு மட்டுமே அது கட்டும்.

12. ஈ.ஆர்.பி. போட்டா இதெல்லாம் சரியாயிடாதா?

ஈ.ஆர்.பி. என்பது ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிவுசெய்யும் மென்பொருள். அதனால் எண்ணுவது எளிதாகும், எண் குறையாது. நாற்பது வித லேபிளை மென்பொருள் ஒழுங்காகப் பதிவுசெய்து தரும்போது, நாற்பது இருப்பது இயல்புதான் என்ற எண்ணம் வந்துவிடும் ஆபத்தும் உண்டு. முதலில் பொருள் பட்டியலைக் குறைத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் ஏற்றுவது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

13. எண்ண ஆரம்பிச்சா சூப்பர்வைசர்கள் கணக்கை மாத்தி எழுத மாட்டாங்களா?

அந்த எண்ணை வைத்துத் திட்டினால், அல்லது இன்சென்டிவ் கொடுத்தால், நிச்சயம் மாற்றுவார்கள். லைன் மாற்றங்களைக் குறைத்தால் ஊக்கத்தொகை என்று அறிவித்த மறுவாரமே, நிறம் மாறியது மாற்றமே அல்ல என்ற விளக்கம் வரும். எண்கள் முடிவெடுப்பவருக்கானவை, தளத்தில் வேலை செய்பவரின் மதிப்பெண் அல்ல. சலான் போன்று வேறொரு தேவைக்காக ஏற்கெனவே உண்டாகும் ஆவணங்களை நான் வலியுறுத்துவதும் இதனால்தான். அவற்றை இதற்காக யாரும் திருத்தி எழுத மாட்டார்கள்.

14. எங்க கம்பெனிக்குள்ள எல்லாம் சரியா இருக்கு. வெளியிலதான் பிரச்சினை. அதையும் அளக்க முடியுமா?

திருப்பூரில் வெளி என்பது தொழிலின் பெரும்பகுதி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டபோது, தங்கள் ஹாலுக்குள் எந்தக் குறையும் இல்லாத கம்பெனிகள் துணிக்காகத் தவித்தன. ஆகவே ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் எதிரே, அதே ஷேடை, அதே தரத்தில், இரண்டு வாரத்துக்குள் செய்து தரக்கூடிய மாற்று ஆலைகள் எத்தனை என்று எழுதுங்கள். விடை பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தை நம்பிப் புதிய பொருள் ஒன்றைத் தொடங்குவது, மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், துணிச்சலான காரியம்.

15. எக்ஸ்போர்ட் போதும், சொந்த பிராண்டு போட்டு ஆன்லைன்ல விக்கலாம்னு பையன் சொல்றான். எண் பார்த்தா சரின்னுதான் வருது. இறங்கலாமா?

பெரும்பாலும் தையல் பக்கத்து எண்களை மட்டும் பார்த்திருப்பீர்கள். அங்கே சரி என்றுதான் வரும், ஏனெனில் நீங்கள் தைக்கத் தெரிந்ததைத்தான் தைக்கப் போகிறீர்கள். சிக்கல் முழுவதும் பேக்கிங்குக்குப் பிறகு தொடங்குகிறது. ஏற்றுமதியில் ஆர்டர் வந்தபின் தைக்கிறீர்கள், சரக்கு மொத்தமாகக் கப்பலேறுகிறது. சொந்த பிராண்டில் பத்து ஸ்டைல், நான்கு நிறம், ஐந்து சைஸ் என்றால் 200 வகைச் சரக்கை யார் வாங்குவார் என்று தெரியாமல் தைத்துக் கிடங்கில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பீஸும் தனி முகவரிக்குப் போக வேண்டும். சில பீஸ்கள் திரும்பி வரும், அவற்றைப் பிரித்து, செக் செய்து, அயர்ன் செய்து மறுபடி அடுக்க வேண்டும். லாட், சலான் ஆகியவற்றின் இடத்தில் வகைக்கு எத்தனை நாள் இருப்பு, நூறு பீஸுக்கு எத்தனை திரும்புகின்றன, திரும்பிய பீஸ் மறுபடி விற்பனைக்கு வர எத்தனை நாள் என்ற மூன்று புதிய எண்கள் வேண்டும்.

பையனிடம் மூன்று ஸ்டைல், இரண்டு நிறம், ஐந்து சைஸ் என்று 30 வகையோடு தொடங்கச் சொல்லுங்கள். இடத்தையும் ஆளையும் கணக்குப் புத்தகத்தையும் ஏற்றுமதியிலிருந்து பிரித்துக் கொடுங்கள். ஏற்றுமதி லைனின் இடைவெளியில் தைத்துக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணம் 8-ஆம் கேள்வியில் இருக்கிறது.